எங்கள் இருவர் மனத்திலும் நிலைத்துவிட்ட தங்குவிடுதிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தங்கை ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். திருமணமாகி 25 ஆண்டு நிறைவதையொட்டி அவரும் அவர் கணவரும் முதன்முறையாக வெளிநாடு செல்லவிருக்கிறார்கள். நானும் என் துணைவியாரும் பல நாடுகளுக்குச் சென்று வந்தவர்கள் என்பதால், எங்கள் நினைவில் நிற்கும் தங்குவிடுதிகள் எவை, அவற்றுள் எதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று விளக்கும்படி கேட்கிறார்.

எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லாத விடை ஒன்று உண்டு. இலங்கையில் நுவரெலியாவுக்கு அப்பால், கந்தப்பளையில், பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே விடுதியாக மாற்றியமைத்த ‘ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி’தான் அது. அதற்கு அடுத்த இடங்களில் எங்கள் வரிசை மாறும். நான் ஜப்பானின் கோயாசான் மலையைச் சொல்வேன். துணைவியார் சுவீடனின் பனிக்கட்டி விடுதியைச் சொல்வார்.

எங்கள் விருப்பங்களுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். துணைவியார் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய பெற்றோர் இருவரும் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள். நான் வளர்ந்த தோட்டம் என் பள்ளிப் பருவத்தில்தான் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது. அவர் தாதியாகவும் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். அதனால் ஒரு விடுதிக்குள் நுழையும்போது மெத்தையையும் குளியலறையையும் பார்ப்பதற்கு முன்பே, இந்தக் கட்டடத்தில் முன்பு என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள், அந்த உழைப்பின் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று தேடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தத் தடத்தை அழிக்காமல் வைத்திருக்கும் விடுதிகளே எங்கள் நினைவில் நிற்கின்றன. அழகாக இருந்தும் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத விடுதிகள், எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தாலும், ஊர் திரும்பிய சில வாரங்களில் எங்களுக்கு மறந்து போயிருக்கின்றன.

கந்தப்பளைக்கு வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளங்கள் கொழுந்து வாட்டுவதற்கானவை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பி, அதன் ஈரம் குறையும் வரையில் காற்றோட்டத்தில் வைத்திருப்பார்கள். இலை நன்றாக வாடினால்தான் அடுத்து அதை உருட்டவும் புளிக்கவைக்கவும் சூடேற்றி உலர்த்தவும் முடியும். காற்று எல்லாப் பக்கமிருந்தும் வரவேண்டும் என்பதற்காகவே அந்தத் தளங்களின் சுவர் முழுவதும் சன்னல்களாக இருக்கும். ஹெதர்செட் தொழிற்சாலை 1970-களில் இயக்கத்தை நிறுத்திய பின் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, 1996-இல் விடுதியாகத் திறக்கப்பட்டபோது, கொழுந்து வாட்டிய அந்தத் தளங்கள்தாம் விருந்தினர் அறைகளாயின. ஆகவே அந்த அறைகளில் எதில் தங்கினாலும் சன்னலுக்குக் குறைவில்லை. காலையில் திரையை விலக்கினால் தேயிலைச் சரிவும் மூடுபனியும் ஒருங்கே தெரிகின்றன. நடுவே மாடிவரைக்கும் திறந்திருக்கும் வெளியில் பழைய இயந்திரத்தையும் பெரிய சக்கரங்களையும் அகற்றாமல் விட்டிருக்கிறார்கள். கட்டடம் இன்னும் தொழிற்சாலை போன்ற தோற்றத்துடனேயே இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவர் அதை விடுதி என்று உடனே நினைக்கமாட்டார்.

ஆனால் அந்த இடம் எங்களை அசைத்ததற்குக் கட்டடம் பாதிக் காரணமே. விடுதியின் வேலிக்கு அப்பால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். துணைவியார் சற்றுத் தொலைவில் நின்று வணக்கம் சொல்ல, ஐந்து நிமிடத்திற்குள் பேச்சு பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கு, கங்காணி, லயத்துக் கூரை, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் தூரம் என்று எங்கள் இளமைக் காலத்துத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. அவர்களுடைய முன்னோரும் எங்களுடைய முன்னோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, தமிழ்நாட்டின் அடுத்தடுத்த ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள். ஒருவர் தேயிலைக்கும் ஒருவர் ரப்பருக்கும் போனார்கள். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16 அன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியது; அதே 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கையில் வைத்துக்கொள்ளவும் எண்ணிக்கை பேசியது. 1960-களின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது எங்கள் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் கப்பலேறின. வகுப்பில் எத்தனையோ முறை நான் பாடமாக நடத்திய செய்திகள் இவை. அந்தப் பெண்களோடு நின்று பேசியபோது அவை எனக்கு உறவினர் வீட்டுக் கதையாகிவிட்டன.

இந்த இடத்தில் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தேயிலை நாடுகளில் விருந்தினருக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டி, படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. மற்றவர்கள் அதை விரும்பலாம். தோட்டத்துப் பிள்ளைகளான நாம் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. கூடையின் கனம் எப்படி இருக்கும் என்பதை நம் தாய்மார்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, பறிப்பவர்களோடு பேசுங்கள். அவர்கள் எடை நிறுக்கும் வேளையில் குறுக்கே போகாதீர்கள்.

கொழும்பில் இரவு தங்க வேண்டியிருந்தால் காலிமுகத்திடல் ஓரத்தில் 1864-இல் தொடங்கப்பட்ட கால் ஃபேஸ் ஹோட்டலைச் சொல்வேன். அங்கு கேரளத்திலிருந்து வந்து 1942-இல் வேலைக்குச் சேர்ந்த குட்டன் என்பவர் வாயிற்காப்போராகவும் பின்னர் அந்த விடுதியின் அடையாளமாகவுமே விளங்கி, 2014-இல் மறையும் வரையில் பணியாற்றினார். முதலாளிகளின் படங்களுக்கு நிகராக ஒரு வாயிற்காப்போரின் பெயரையும் முகத்தையும் உலகம் அறியச் செய்த விடுதிகள் மிகக் குறைவு.

வெளிநாடு என்று கேட்ட தங்கையிடம் பினாங்கைச் சொல்வது பொருந்தாது என்று தோன்றலாம். ஆயினும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியை விட்டுவிட என்னால் முடியவில்லை. நம் ஊரில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் ஜார்ஜ் டவுனுக்குக் கடந்தால், ஃபர்குவார் தெருவில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1885-இல் அதைத் தொடங்கியவர்கள் ஈரானின் இஸ்ஃபகான் பகுதியிலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள். அவர்களே 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியையும் 1901-இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் விடுதியையும் தொடங்கினார்கள். ரப்பர் விலை உயர்ந்திருந்த காலத்தில் தோட்டத் துரைமார் விடுமுறைக்கு வந்து பணத்தைத் தண்ணீராக இறைத்த இடம் இது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் சார்க்கீஸ் நிறுவனமும் 1931-இல் நொடித்துப்போனது. அதே ஆண்டுகளில், அதே விலைச் சரிவால், வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. துரை தங்கிய விடுதியையும் தொழிலாளி தங்கிய லயத்தையும் ஒரே சந்தைதான் ஆட்டிவைத்தது என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டிய கட்டடம் வேறில்லை. வரவேற்பு மண்டபத்துக் குவிமாடத்தின் கீழே நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே திரும்ப வரும்; பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அவர்கள் அங்கிருந்து நகரமாட்டார்கள். மாலையில் கடலோரச் சுவர்ப் பக்கம் நடந்து செல்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவரை ஏற்றிவந்த கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்துக்குத்தான் வந்தன. பலர் கரையேறும் முன்பே ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்டார்கள். கடல் பார்த்த அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த விடுதியில் வீணாகாது.

ராஃபிள்ஸ் விடுதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அழகானது, நன்கு புதுப்பிக்கப்பட்டது, விலையோ மிக அதிகம். அங்கே ஒரு தேநீர் அருந்திவிட்டு வெளியே வருவது போதும் என்பது எங்கள் முடிவு. மும்பையின் தாஜ் மகால் பேலஸ் அப்படியல்ல. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1903-இல் திறந்த அந்த விடுதியில் 2008 நவம்பர் தாக்குதலின்போது விருந்தினரைக் காக்க நின்று உயிரிழந்த ஊழியர்கள் பலர். மாண்டவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் விடுதிக்குள்ளேயே இருக்கிறது. துணைவியார் அதன் முன் நெடுநேரம் நின்றார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவருக்கு அந்த ஊழியர்களின் மனநிலை என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் சென்னை, மதுரை விடுதிகளில் இரவுகளைக் கழிக்காமல் செட்டிநாட்டில் தங்குங்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் நகரத்தார் வீடுகள் சில விடுதிகளாகியிருக்கின்றன. ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய விசாலம் என்னும் வீடு அவற்றுள் எங்களுக்குப் பிடித்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அமைப்பு, பர்மாத் தேக்குத் தூண்கள், கண்ணாடிப் பலகையின் மேல் சாயம் ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கற்கள், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு ஆகிய அனைத்தையும் சொல்லிக்கொண்டே போகலாம். மலேசியத் தமிழருக்கு அங்கே இன்னொரு பொருளும் உண்டு. பினாங்கிலும் ஈப்போவிலும் கிட்டங்கி என்னும் கடைவீடு வைத்து வட்டித் தொழில் செய்து சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி அந்தத் தூண்களாகவும் தரைகளாகவும் நிற்கிறது. மந்த காலத்தில் கடன் கட்ட முடியாதவர்களின் ரப்பர் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. பின்னாளில் தோட்டங்கள் பல துண்டு போட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் வீதிக்கு வரும் நிலை உண்டாயிற்று. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல், தொழிலாளரின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இத்தனையும் தெரிந்துகொண்டு, பழைய உணவுக்கூடத்தில் இலை போட்டு, பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டுச் சமையலோடு கலந்துவிட்ட கவுனி அரிசி இனிப்பை உண்ணும்போது, பெருமையும் வருத்தமும் கலந்து எழுகின்றன. அந்தக் கலப்பை எங்களால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. பிரிக்கவும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

என் விருப்பமான கோயாசான், ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலும் பிறகு மலையேறும் கேபிள் காரும் பிடித்துப் போகவேண்டிய இடம். கூக்காய் என்னும் பௌத்தத் துறவி 816-இல் மன்னரிடம் அனுமதி பெற்று நிறுவிய மலைநகரம் அது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்களில் பயணிகள் தங்கலாம். பாய் விரித்த அறை, இரவில் துறவிகளே வந்து விரித்துத் தரும் படுக்கை, பொதுக் குளியல், விடியற்காலையில் வழிபாடு. உணவு முழுவதும் சைவம். மீனும் இறைச்சியும் இல்லாததோடு பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிச் செய்யும் எள் தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு இரண்டும் அம்மலையின் சிறப்புகள். ஜப்பானில் மற்ற இடங்களில் காய்கறி என்று சொல்லித் தருவதிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், விரதம் இருப்பவர்களுக்கு இவ்வூரைவிட நிம்மதியான இடம் அந்நாட்டில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கே விடியற்காலையில் நடக்கும் கோமா என்னும் சடங்கு வேள்வித் தீயே. துறவி குண்டத்தின் முன் அமர்ந்து, சமித்தை ஒவ்வொன்றாக இட்டு, நெய்க்கு நிகரான எண்ணெய் வார்த்து, வடமொழி மந்திரங்களை ஜப்பானிய ஒலிப்பில் ஓதுகிறார். அவர்கள் பின்பற்றும் ஷிங்கோன் என்னும் பௌத்த மரபின் எட்டு ஆசாரியர்களுள் ஒருவரான வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடற்பயணம் செய்து 720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனத்தை அடைந்தவர். அதாவது, நம் முன்னோர் கூலிகளாகக் கடந்த அதே மலாக்கா நீரிணையை அதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தென்னாட்டு ஆசிரியர் ஆசிரியராகவே கடந்திருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியரான எனக்கு அந்த எண்ணம் தந்த நிமிர்வு கொஞ்சமல்ல. குளிர்காலத்தில் போனால் மடத்து அறைகள் மிகவும் குளிரும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பழைமைக்காகவே போக விரும்புவோர் 705-இல் தொடங்கி உலகின் மிகப் பழைய தங்குவிடுதி என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற, யமனாஷி மாவட்டத்தின் கெய்உன்கானையும் தேடலாம்; வெந்நீர் ஊற்றுகளே அதன் உயிர்.

துணைவியாரின் விருப்பமான பனிக்கட்டி விடுதி சுவீடனின் யுக்காஸ்யார்வி என்னும் சிற்றூரில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் தோர்னே ஆற்றில் அறுத்தெடுக்கும் பனிக்கட்டிகளைக் கோடை முழுவதும் கிடங்கில் சேமித்து, குளிர் தொடங்கியதும் விடுதியைக் கட்டுகிறார்கள். அடுத்த வசந்தத்தில் அது உருகி அதே ஆற்றோடு கலக்கிறது. 1990-ஐ ஒட்டித் தொடங்கிய இவ்வழக்கத்தில் ஒவ்வோர் அறையும் ஒரு கலைஞரின் படைப்பு. இப்போது ஆண்டு முழுவதும் குளிர்வித்துக் காக்கும் நிலையான பகுதியும் உண்டு. அறையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 முதல் 8 பாகை வரை. பனிக்கட்டிக் கட்டிலின் மேல் கலைமான் தோல் விரித்து, கனமான உறக்கப் பைக்குள் படுக்கவேண்டும். பெட்டிகளை வெப்பமான கட்டடத்தில் வைத்துவிடுவதால் அறைக்குள் எதையும் கொண்டுபோவதில்லை. காலையில் ஊழியர் சூடான லிங்கன்பெர்ரிச் சாறு கொண்டுவந்து எழுப்புகிறார். ஓர் இரவு அங்கே, மற்ற இரவுகள் அருகிலுள்ள வெப்பமூட்டிய அறையில் என்று பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. மூட்டு வலி உள்ளவர்கள் அந்த ஓர் இரவையும் யோசித்துச் செய்யவேண்டும்.

துணைவியார் அவ்விடுதியை விரும்புவதற்குப் பக்கத்து ஊரான கிருனாவும் ஒரு காரணம். இரும்புச் சுரங்கத்துக்காகவே உருவான ஊர் அது. சுரங்கம் ஆழமாகப் போகப்போக நிலம் இளகியதால் ஊரின் மையத்தையே கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி மாற்றி அமைத்துவருகிறார்கள். 2025 ஆகஸ்ட் மாதம், மரத்தாலான பழைய தேவாலயத்தைப் பிரிக்காமல், அப்படியே சக்கர மேடைகளில் ஏற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது துணைவியார் அழுதார். தோட்டம் கைமாறியதும் பிறந்த லயமும் பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து இல்லாமற்போனதைப் பார்த்தவர் அவர். ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊரில், மக்கள் வழிபட்ட இடத்தையும் உடன் எடுத்துச் செல்வது செய்யக்கூடிய செயல்தான் என்று அவர் அன்று சொன்னார்.

இனி, தங்கை நேரடியாகக் கேட்டதற்கு விடை. முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதால் கந்தப்பளைக்கே போங்கள். கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேர வேறுபாடும் இரண்டரை மணி மட்டுமே. ஜனவரி முதல் மார்ச் வரையில் மழை குறைவு. ஏப்ரலில் புத்தாண்டையொட்டி நுவரெலியாவில் கூட்டம் நிறைந்து அறைகளின் விலை ஏறிவிடும். கண்டியிலிருந்து நானுஓயா வரையில் மலை ரயில் ஓடும் நாளாகப் பார்த்து இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். அங்கிருந்து வாடகைக் கார் எளிது. கேமரன் மலைக்குப் போட்டுக்கொள்ளும் குளிராடை அந்த இரவுகளுக்குப் போதாது, கம்பளி ஆடையாகவே எடுத்துச் செல்லுங்கள். விசா நடைமுறை அடிக்கடி மாறுவதால் பயணச்சீட்டு வாங்கும் முன் இலங்கை அரசாங்கத்தின் குடிவரவு இணையத்தளத்தைப் பாருங்கள். அறையைப் பதிவு செய்யும்போது மேல்தளத்தில், தேயிலைச் சரிவைப் பார்த்த பக்கமாகத் தரும்படி எழுதிக் கேளுங்கள். இரண்டு இரவுகளாவது அங்கே வேண்டும். ஓர் இரவோடு திரும்புபவர்கள் கட்டடத்தை மட்டுமே பார்க்கிறார்கள், கொழுந்து பறிப்பவர்களோடு பேசுவதற்கு இரண்டாம் நாள் காலைதான் வாய்க்கும். நாட்கள் போதவில்லையென்றால் கடற்கரையில் தங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.